குளிர் ஆகாத உடம்பு

கத்திரி வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில், எழில்புரம் பேருந்து நிறுத்தத்துக்கு யாராவது வெளியூர்க்காரர் வந்து நின்றால் குழம்பிப் போவார். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் அந்த ரோட்டோரத்தில் இருபது முப்பது பெண்கள் கம்பளி ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிலர் தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு அதை மாட்டிக்கொண்டே, சாவகாசமாக ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி நெற்றியிலும் வேர்வை இருக்காது. எல்லோரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். போகிற வீடுகளில் ஏசி ஓடும். அதற்குத்தான் ஸ்வெட்டர்.

அவர்களில் ஒருத்தி மோனிஷா. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு வெயில் உறைக்காமல் போய் ஆறு வருடம் ஆகிறது.

‘இதம் திட்டம்’ என்று அதற்குப் பெயர். பெயர் வைப்பதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சென்னையின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, தூர்த்த ஏரியின்மேல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் அடைத்த சனங்கள், கோடைக்குக் கோடை சுருண்டு விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். மொட்டை மாடிக்கு மேல் கூரை போடலாமா, சன்னலைப் பெரிதாக்கலாமா, மரம் வைக்கலாமா என்று படம் போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே இழுபறி பிடித்த வேலை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், வீட்டை எதற்கு மாற்ற வேண்டும், ஆளை மாற்றிவிட்டால் போகிறது என்றானாம்.

களப்பணியாளர் ஜெனிபர் வீடு வீடாக வந்து விளக்கினாள். “பிரிட்ஜுக்குள்ள ஒரு திருகு கீதுல்லக்கா, எவ்ளோ சில்லுன்னு வெக்கணும்னு? அந்த மாதிரி மண்டைக்குள்ள ஒண்ணு கீது. உடம்பு இவ்ளோ சூட்டுல தான் இருக்கணும்னு அதான் சொல்லும். அத மேல ஏத்தி வெக்கிறோம். அவ்ளோதான். ஒரே ஊசி. அதுக்கப்புறம் நாப்பத்தஞ்சு டிகிரி கூட உனக்கு மார்கழி மாதிரி இருக்கும்.”

சும்மா சொல்லக்கூடாது, ஊசி வேலை செய்தது. அடுத்த கோடையில் எழில்புரத்தில் ஊசி போட்ட ஒருவர்கூடச் சாகவில்லை. அமைச்சர் வந்து மாலை போட்டுக்கொண்டு போனார். அவர் கார் திரும்பியதும் ஒவ்வொன்றாகக் கழன்றது. கீழ்த்தளத்தில் பெரிய விசிறிகள் வைத்திருந்த கொட்டகையைப் பிரித்து எடுத்துப் போனார்கள், இனி எதற்கு என்று. நடுப்பகலில் வெளிவேலை கூடாது என்றிருந்த சட்டம் ஊசி போட்டவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். மோனிஷாவின் புருஷன் சந்தோஷை, எங்கோ பாலைவனத்தில் சூரியப் பலகை துடைக்கிற வேலைக்கு லாரி வைத்து அழைத்துப் போனார்கள். “எங்களத் தவிர இங்க ஒரு காக்கா கூட இல்லமே” என்று போனில் சிரிப்பான்.

குளிர் விஷயத்தை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முப்பது டிகிரிக்குக் கீழே போனால் பல் தந்தியடிக்கும், விரல் மரத்துப்போகும். பேங்க், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி, ஏசி பஸ், சினிமாக் கொட்டகை எதிலும் கொஞ்ச நேரத்துக்குமேல் நிற்க முடியாது. உள்ளே வராதே என்று யாரும் பலகை மாட்டவில்லை, கையில் ரிமோட் இருக்கும்போது பலகை எதற்கு? மோனிஷாவின் மகள் இலக்கியா பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்கியபோது, மோனிஷா அரங்கத்துக்கு வெளியே வெயிலில் நின்று கைத்தட்டல் சத்தத்தைத்தான் கேட்டாள். அன்றைக்கு அவள் அழுதது வேர்வையோடு கலந்துவிடவும் இல்லை, வேர்வைதான் கிடையாதே.

இலக்கியாவுக்குப் பதினேழு முடியப் போகிறது. பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு ஊசி போடக்கூடாது என்று விதி. ஆகவே எழில்புரத்து வீடுகளில் வெயில் தெரியாத பெற்றோரும் வெயில் தாங்காத பிள்ளைகளும் ஒரே அறையில் வாழ்ந்தார்கள். ஊசி வந்த முதல் கோடையில் மூன்றாம் பிளாக்கில் ஒரு கைக்குழந்தை செத்தது. “எனக்கு நல்லாதானே இருந்துச்சு, புள்ளைக்கும் நல்லாதான் இருக்கும்னு நெனச்சேன்” என்று அந்தத் தாய் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் மெழுகுவத்தி வந்தது. அதைக் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு ரெஜினா. மாதா படத்துக்கு முன்னால் அவள் ஏற்றாமல் வைத்திருந்த மெழுகுவத்தி ஒருநாள் தானாகக் குனிந்து போயிருந்ததைப் பார்த்தாள். தொட்டிலில் குழந்தை துவண்டு கிடந்தது. அன்றிலிருந்து எல்லா வீட்டுச் சன்னலிலும் ஒரு மெழுகுவத்தி. அது வளைய ஆரம்பித்தால் பிள்ளைகளைக் கீழே தண்ணீர்த்தொட்டி அறைக்கு இறக்கிவிட வேண்டும். ஈரமும் பாசியுமாக இருந்தாலும் அங்கே கொஞ்சம் குளிர்ச்சி. பிள்ளைகள் புத்தகத்தோடு அங்கேயே கிடப்பார்கள்.

பதினெட்டு ஆனதும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வீடு ஒதுக்கிய பட்டியலில் பெயர் இருக்காது. மோனிஷா அதற்கு முன்னால் மகளைத் தப்பவைக்கத் துடித்தாள். மருத்துவ உதவியாளர் பயிற்சி ஒன்று இருந்தது. இரண்டு வருடம், ஏசி ஹாஸ்டல், முடித்ததும் வேலை. நுழைவுத் தேர்வில் தேறிவிட்டால் இலக்கியா ஹாஸ்டலுக்குப் போய்விடலாம், ஊசியே வேண்டாம். குளிர்ந்த அறைக்குள் கூசாமல் நுழைந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற ஒரு உடம்பு தன் வயிற்றில் பிறந்ததற்காவது மிஞ்ச வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டுக் காலையில் வெளுத்து வெயில் அடித்தது. பழைய ஏரி தன் இடத்தை ஞாபகம் வைத்திருந்தது போல, எழில்புரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்று ஆவி பறந்தது. தொட்டி அறையில் இடுப்பளவுத் தண்ணீர்.

“அம்மா, ஒரு மாதிரி கீது. மூச்சு முட்டுது” என்றாள் இலக்கியா. முகமெல்லாம் நனைந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மோனிஷா சன்னலைப் பார்த்தாள். மெழுகுவத்தி விறைப்பாக நின்றது.

“நேராதானடி நிக்குது? மழை பேஞ்சு குளுந்து கெடக்கு. பரீச்சைக்கு பயந்துக்கினு எதையாவது சொல்லாத. உக்காந்து படி.”

“இல்லம்மா, நெஜமாவே…”

“படிடீ. இந்த நாலு நாளு பல்லக் கடிச்சிக்கோ. அப்புறம் ஆயுசு பூரா ஏசிதான் உனக்கு.”

ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மெழுகு சூட்டைத்தான் காட்டும், புழுக்கத்தைக் காட்டாது. இது எழில்புரத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் புழுக்கம் என்றால் என்னவென்றே அவர்களின் உடம்புக்கு மறந்து போயிருந்தது. வேர்வை காயாத காற்றில் ஊசி போடாத உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும். மெழுகுவத்தி பாட்டுக்கு நேராக நிற்கும். ஊசி போடாத எந்தத் தாயும், ஏன், வழியில் போகிற யாரும்கூட, அந்த அறைக்குள் தலையை நீட்டிய மாத்திரத்தில் பெண்ணை வெளியே இழுத்திருப்பார்கள்.

மதியம் ரெஜினா போன் செய்தாள். “யக்கா, ஓடியா. பாப்பா கதவத் தொறக்கல, ஒதச்சித் தொறந்தேன். பேச்சு மூச்சு இல்லக்கா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்.”

லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடி. ரெஜினா அந்தப் பெண்ணை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

மோனிஷா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரெஜினா நைட்டியோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே குந்தி, உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். “உள்ள தான் படுக்க வெச்சிருக்காங்கோ. மொதல்ல பாக்கவே இல்லக்கா. எழில்புரமா, உங்களுக்கு ஒடம்பு நாப்பத்தியொண்ணு டிகிரி கொதிச்சாலும் நார்மல்தானே, ஓரமா வைம்மான்னான். ஊசி போடாத புள்ளடா பாவின்னு கத்தினேன். சட்டையப் புடிச்சு உலுக்கினேன். அப்புறந்தான் ஓடியாந்தாங்க. நீ போ உள்ள. எனக்கு முடியல, ஸ்வெட்டர் எடுத்தாரல.”

வெப்பத்தாக்கு வார்டைப் பதினெட்டு டிகிரியில் வைத்திருந்தார்கள். மோனிஷாவின் ஸ்வெட்டர் அதற்குப் போதாது. இலக்கியாவின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பொட்டலங்கள். மோனிஷா அவள் கையைப் பிடித்தாள். எப்போதும் அவள் தொட்டால் பெண்ணின் உடம்பு தண்ணீர்க் குடம் போல ஜில்லென்று இருக்கும். இப்போது தன் உடம்பும் அந்த உடம்பும் ஒரே சூடாக இருந்தன. நான்தான், நான்தான் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் இலக்கியா கண் திறந்தாள். டாக்டர் வைஷாலி வந்தாள். சின்ன வயது. விடிந்ததிலிருந்து உட்காராதவள் போலிருந்தாள். நடுங்குகிறவளைப் பார்த்து ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தாள்.

“பொழைச்சிட்டாம்மா. ஆனா இன்னொரு தடவை இப்படி வந்தா சிறுநீரகம் தாங்காது. இங்கயே ஊசி போட்டு அனுப்பிடறேன். வயசு ஆகலைன்னாலும் அவசரம்னா அம்மா சம்மதிச்சாப் போதும்.”

“வேணாம் டாக்டர்.”

“வேணாமா? மறுபடி அந்த வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போகப் போறீங்க?”

“அவளுக்குப் பரீச்ச கீது. ஹால்ல ஏசி போட்டிருப்பாங்க. ஊசி போட்டா பேனா எப்டிப் புடிப்பா? கை வெறச்சிப் பூடும். இந்தப் பரீச்சைதான் டாக்டர் அவளுக்கு எல்லாமே.”

“பரீட்சைக்காக உயிரை விடுவாங்களா? போட்டுக்கட்டும். எங்க அண்ணன்கூட பாலைவனத்துல ஏதோ ஓட்டப்பந்தயம்னு போட்டுக்கிட்டுப் போனான். வந்ததும் மாத்து ஊசி போட்டு பழையபடி…”

டாக்டர் நிறுத்திவிட்டாள். நிறுத்தியதால்தான் மோனிஷாவுக்கு விளங்கியது.

“மாத்து ஊசியா? திருப்ப முடியாதுன்னுதான சொன்னாங்கோ?”

வைஷாலி நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “இருக்கும்மா. ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு. உங்க திட்டத்துல அது கிடையாது.”

“ஏன்?”

“திருப்பிட்டா எங்க போய்ப் படுப்பீங்க? அதே ஒன்பதாவது மாடிதானே? ஒரே கோடையில செத்துடுவீங்க. இருக்குன்னு தெரிஞ்சா எல்லாரும் கேப்பாங்க. உங்க நல்லதுக்காகத்தான் சொல்றதில்லைன்னு சொல்லிக்கறாங்க.” அவள் குரல் தணிந்திருந்தது. “நான் உளறிட்டேன். தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

ஆறு வருடம். பேங்க் வாசலில், பள்ளிக்கூட வாசலில், பெற்ற தாயைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பக்கத்தில்கூட உட்கார முடியாமல் நின்ற ஆறு வருடம். மோனிஷாவுக்குக் கத்தலாம் என்றிருந்தது. இந்த வார்டு அதிரக் கத்திவிட்டு, வெளியே போய் எழில்புரம் முழுக்கச் சொல்லலாம். பெண்ணைப் பார்த்தாள். உதடு வெடித்து, கண் பஞ்சடைந்து, ஆனாலும் அந்தக் குளிரில் ஒரு நடுக்கமும் இல்லாமல் கிடந்தது பிள்ளை.

கத்தவில்லை. பேரம் பேசினாள்.

“டாக்டர், நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். புருஷன்கிட்ட கூட சொல்ல மாட்டேன். பரீச்ச முடியிற வரைக்கும், அதுல தேறி ஹாஸ்டலுக்குப் போற வரைக்கும் எம்பொண்ண இங்கியே வெச்சிக்கோ. ஊசி போடாத.”

வைஷாலி ஒத்துக்கொண்டாள். பயந்துதான் ஒத்துக்கொண்டாளா, பாவப்பட்டு ஒத்துக்கொண்டாளா என்று மோனிஷா பிறகு பலமுறை யோசித்ததுண்டு. எப்படியோ, கேஸ் பேப்பரில் ‘தொடர் கண்காணிப்பு’ என்று எழுதிக் கட்டிலை நீட்டித்துக் கொடுத்தாள். இலக்கியா வார்டிலிருந்தே போய்த் தேர்வு எழுதினாள். தேறினாள். பெட்டி கட்டிக்கொண்டு குளிருக்குள் போய்விட்டாள்.

இதற்கிடையில் பேப்பரில் செய்தி வந்தது. பெயர் போடவில்லை, எழில்புரத்து மாணவி என்று மட்டும் போட்டிருந்தார்கள். பெற்றோர் ஊசி போட்டுக்கொண்டு பிள்ளைகளை ஆபத்தில் விடலாமா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். சன்னலைப் பெரிதாக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அவரை மற்ற மூவரும் சேர்ந்து அடக்கினார்கள். ஆறு மாதத்தில் விதி மாறியது. இனிப் பத்து வயதிலேயே ஊசி. “குழந்தைகளையும் அரவணைக்கும் இதம்” என்று பஸ்ஸின் முதுகிலெல்லாம் ஒட்டினார்கள். தன் பெண் செத்துப் பிழைத்தது இதற்குத்தானா என்று மோனிஷா அந்த பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இலக்கியாவை அவள் ஹாஸ்டல் கேட்டில் வைத்துத்தான் பார்ப்பாள். பெண் வெளியே வந்து நிழலில் நின்று வேர்த்துக் கொட்டப் பேசும், பிறகு உள்ளே ஓடும். மாற்று ஊசியைப் பற்றி ஒரே ஒருமுறை பேச்சு வந்தது. “எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்கம்மா. தனி பெட்டியில இருக்கு. வெளியில சொன்னா சான்றிதழ் கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றாள் இலக்கியா. “அப்ப சொல்லாத” என்றாள் மோனிஷா. அத்தோடு சரி.

பயிற்சி முடிந்து முதல் வேலையே எழில்புரத்தில்தான். உள்ளூர்ப் பெண் போட்டால் சனங்கள் நம்பி வருவார்கள் என்று திட்டத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். வெள்ளை வேன் வந்து மூன்றாம் பிளாக் வாசலில் நின்றது. உள்ளே ஏசி. பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதன் வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும். உள்ளே வெள்ளைக் கோட்டில் இலக்கியா. அவளுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மோனிஷா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வேனுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தினாள். யார் யாரிடமோ, “எம்பொண்ணுதான்” என்றாள். அந்தக் கோட்டையும் அந்த நாற்காலியையும் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பூரிப்பாகத்தான் இருந்தது. பூரிப்புக்கு அடியில் என்னவோ ஒன்று அறுத்துக்கொண்டும் இருந்தது.

ரெஜினா வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள் பெனிட்டா, தொட்டிலில் துவண்டு கிடந்த அந்தக் குழந்தைதான், இப்போது பத்து வயது. தலையில் ரெட்டைச் சடை, ஞாயிற்றுக்கிழமைக் கவுன்.

“நம்ம இலக்கியா கையால போடறான்னுதான் தைரியமா கூட்டினு வந்தேன்” என்று சிரித்தாள். கொஞ்சம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். “யக்கா, ஒண்ணு கேக்கவா? உனக்கு டாக்டருங்கள்லாம் பழக்கம். இவ நல்லா படிக்கிறா, கிளாஸ்ல மொத ஆளு. நாளைக்கு இவளும் இலக்கியா மாதிரி ஹாஸ்டலுக்குப் போவணும்னா, இத திருப்பிக்க எதுனா வழி கீதாக்கா? கீதுன்னா நா இப்ப பயப்படாம போடுவேன். இல்லன்னா, ஊர விட்டுப் போனாலும் பரவால்ல, இவளக் கூட்டினு எங்கியாவது பூடறேன்.”

வேனுக்குள் மேற்பார்வையாளர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். இலக்கியாவின் கை நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. ஒன்பது மாடி இறங்கிய முதுகு மோனிஷாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. இருக்கிறது, ஆனால் தரமாட்டார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடு என்று சொல்ல இரண்டு மூச்சு போதும். சொன்னால் நாளைக்கு இலக்கியா அந்த நாற்காலியில் இருக்கமாட்டாள். ஒன்பதாவது மாடியில் இருப்பாள்.

“அதெல்லாம் எதுக்குத் திருப்பணும்?” என்றாள் மோனிஷா. “இந்த ஊசி போட்டவங்களையும் ஹாஸ்டல்ல சேக்கப் போறாங்களாம். ஏசி இல்லாத ரூமு தனியா கட்றாங்களாம். இலக்கியாதான் சொன்னா. இல்லடீ?”

வேனுக்குள்ளிருந்து, “ஆமா அத்தை” என்று குரல் வந்தது.

ரெஜினாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்டியா! நல்லவேளக்கா, நீ சொன்ன. இல்லாட்டி நா பாட்டுக்கு எங்கியாவது ஓடியிருப்பேன்.” பெண்ணின் கவுன் கையை மேலே சுருட்டி, சின்னக் கதவுக்குள் நீட்டவைத்தாள்.

இலக்கியா பஞ்சால் அந்தக் கையைத் துடைத்தாள்.

“வலிக்காது செல்லம்” என்றாள். அது மட்டும் உண்மைதான்.